கிழக்கு பார்த்து ஒரு முக்குளிப்பு

சிங்கப்பூருக்கு ஆட்கள் வேலைக்குப் போவார்கள், சுற்றிப்பார்க்கப் போவார்கள், நகை வாங்கப் போவார்கள். நான் சாட்சி சொல்லப் போனேன். அதுவும் கடலுக்கடியில் பார்த்துவிட்டு வந்து.

கூப்பிட்டது என் தங்கை வாசுகி. கல்யாணமாகிப் போனதிலிருந்து பிடோக்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள், பாலர் பள்ளி ஆசிரியை. அவள் கணவர் சேகரன் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், ரயில் பராமரிப்பில் பொறியாளர். எனக்கு மாப்பிள்ளை முறை. சீட்டாட மாட்டார், புகைக்க மாட்டார். தண்ணி போடுகிற பழக்கமும் கிடையாது. தண்ணிக்குள் போகிற பழக்கம்தான் உண்டு. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு மீன் பார்க்கும் ஸ்கூபா பைத்தியம்.

போன வருஷம் மலேசியத் தீவு ஒன்றில் ஆமையைப் பார்த்து அதன் பின்னாலேயே போயிருக்கிறார். ஆமைக்கு வழி தெரியும், இவருக்குத் தெரியவில்லை. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூட வந்தவர்கள் எல்லாரும் மேலே வந்தும் இவர் வரவில்லை. நண்பர் ஒருவர் அவசரப்பட்டு வாசுகிக்குப் போன் செய்து, "இன்னும் காணல, தேடிக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அங்கே சிக்னல் இல்லை. மீன்பிடிப் படகு ஒன்று இவரைப் பொறுக்கி எடுத்துக் கரை சேர்த்த செய்தி வாசுகிக்கு வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர், "ஆமைகூட சொல்லுச்சு, பொண்டாட்டி திட்டும், வீட்டுக்குப் போன்னு" என்று சிரிக்கவைக்கப் பார்த்திருக்கிறார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய கடல் சாமான்கள் அத்தனையையும் பம் ஷெல்டரில் வைத்துப் பூட்டிவிட்டாள். பம் ஷெல்டர் என்பது அங்கே புது வீடுகளில் போருக்கென்று கட்டிவிடும் கனத்த சுவர் அறை. போர் வரும்வரை அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் இருக்கும். என் மாப்பிள்ளையின் வீட்டில் மட்டும் போருக்குப் பிந்தைய சாமான்கள் இருந்தன.

இப்போது அவருடன் ராணுவச் சேவை செய்த கூட்டாளிகள் எல்லாருக்கும் ஐம்பது வயதாகிறது. அதைக் கொண்டாட ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலைப் பார்க்கப் போகிறார்கள். அதற்கு அடுத்த நிலை ஸ்கூபா பயிற்சி வேண்டும். மாப்பிள்ளை கெஞ்சினார். வாசுகி எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நீயும்தான் பாண்டிச்சேரில அந்த கார்டு வாங்கி வச்சிருக்கியே. வந்து அவரோட சேர்ந்து அடுத்த கோர்ஸ் பண்ணு. உள்ள போனதும் மனுஷன் எப்படி இருக்காருன்னு பாத்துச் சொல்லு. நீ போகலாம்னா போகட்டும். வேணாம்னா வேணாம்."

திருச்சியில் நான் வீடு கட்டிக்கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். அடிப்படைப் பயிற்சிக் கார்டு ஒன்று என்னிடம் இருப்பது உண்மைதான். அதில் இருக்கும் போட்டோவில் ஊறவைத்த பலாக்கொட்டை மாதிரி இருப்பேன். அந்தக் கார்டை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கப் போகிறது என்றதும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. வடகம் இரண்டு பொட்டலத்துடன் புறப்பட்டேன்.

முதல் நாள் வகுப்பு. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துச் சந்தில் மாடி அறை. கீழே மல்லிகை மணம், மேலே ரப்பர் நாற்றம். கற்றுத்தருபவர் ஹஸ்லினா என்ற மலாய்ப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். எதைச் சொன்னாலும் "பெலான், பெலான்" என்பார். மலாயில் மெதுவாக, மெதுவாக. மாணவர்கள் மூன்று பேர்: நான், மாப்பிள்ளை, பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு தாதி, நம் ஊரில் நர்ஸ். நான்கு முக்குளிப்புகள் இங்கே, ஐந்தாவதான ஆழ முக்குளிப்பு அந்தக் கப்பல் பயணத்தில் என்று ஏற்பாடு.

ஹஸ்லினா ஆங்கிலத்தில் சொன்ன பாடங்களில் ஒன்றைத் தமிழில் தருகிறேன்: "ஜோடியாக இறங்குகிறீர்கள். ஜோடி கண்ணைவிட்டு மறைந்தால் ஒரு நிமிடம் தேடுங்கள். இல்லையா, மேலே வாருங்கள். அவரும் மேலே வருவார். இரண்டு பேரும் இதைச் செய்தால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போவீர்கள்."

நான் மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். 'ஆமைக்காரரே, கேட்டுக்கொள்ளும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து திசைகாட்டிப் பாடம். கடலுக்கடியில் காம்பஸ் பார்த்து ஒரு சதுரம் நீந்தி, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. காம்பஸ் என் சட்டைப்பையில் சீப்பு மாதிரி கிடக்கும் சாமான். காலையில் எழுந்தால் யாருக்காவது கன்னிமூலை காட்டிக்கொண்டிருப்பேன். ஈசானியத்தில் கழிவறை வைத்தவனைப் பார்த்தால் இடிக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். ஹஸ்லினாவிடம், "இருபது வருஷமாக இதுதான் என் வேலை" என்றேன். "கடலிலா?" என்றார். "கரையில்." "ஓ" என்றார். அந்த ஓவை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

மத்தியானம் தேக்கா சந்தையில் பிரியாணி. நம் ஊர் பிரியாணிக்கு அண்ணன் முறை, கொஞ்சம் இனிப்பான அண்ணன். சாப்பிட்டு முடித்து, நம் வழக்கப்படி தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கம்பீரமாக எழுந்தேன். பக்கத்து மேசைச் சீனப் பெரியவர் ஏதோ சொல்லி என் தட்டையும் எச்சில் தட்டு வைக்கும் அலமாரியையும் மாறி மாறிக் காட்டினார். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்: "உங்க அம்மா இங்க வேலை பாக்குறாங்களான்னு கேக்குறார் மச்சான். தட்டை நாமதான் எடுத்து வைக்கணும். வைக்கலேன்னா ஃபைன் லா." பேச்சுக்கு ஒரு 'லா' ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். வைத்தேன். அதன்பிறகு இருந்த நாளெல்லாம் வாசுகி வீட்டில்கூடச் சாப்பிட்ட தட்டை நானே கழுவினேன். அவள் காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாப்பிள்ளைக்கு அன்று வேலை முறை இருந்ததால் என்னைத் தனியாக ரயிலேற்றிவிட்டார். பிடோக் என்று பெயர் தொடங்கும் நிலையங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு என்பதை அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. இறங்கியது பிடோக் நார்த். வடக்கே இறங்கினால் தெற்கே நடந்தால் தீர்ந்தது என்று நடந்தேன். எல்லா அடுக்குமாடிகளும் ஒரே அச்சில் வார்த்த இட்லி மாதிரி இருந்தன. வாசுகியின் வீடு என்று உறுதியாக நம்பி ஒரு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்த மலாய் அம்மா என்னைப் பார்த்து, "சாமான் கொண்டாந்தியா?" என்கிற மாதிரி மலாயில் கேட்டார். கையில் இருந்த, முக்குளிக்கப் போடும் ரப்பர் உடுப்பைக் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டார். கடைசியில் கோப்பிக் கடை அண்ணன் ஒருவர் என்னைப் பேருந்தில் ஏற்றி, ஓட்டுநரிடம் "இவரை எங்க இறக்கணும்னு இவருக்கே தெரியாது, நீங்க பாத்துக்குங்க" என்று ஒப்படைத்தார்.

இதை நான் வாசுகியிடம் சொல்லவில்லை. சாட்சியின் நம்பகத்தன்மை முக்கியம்.

இரண்டாம் நாள் படகு. தெற்கே கொஞ்ச தூரத்தில் புலாவ் ஹன்டு. பேய்த்தீவு என்று பொருள். எதிரே எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள், சுற்றிலும் சரக்குக் கப்பல்கள். நடுவில் பச்சைத் தண்ணீர். டிவியில் காட்டுகிற நீலக் கடலை மனதில் வைத்துக் குதித்தவனுக்கு வல்லாரைச் சூப்புக்குள் விழுந்த மாதிரி இருந்தது. கையை நீட்டினால் விரல் தெரியும். அதற்கு மேல் கடவுள் விட்ட வழி.

அன்றைய பாடம், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுநீரில் அசையாமல் நிற்பது. மாப்பிள்ளை சம்மணம் போட்டு, கைகட்டி, சாமியார் மாதிரி மிதந்தார். தாதி பரவாயில்லை. நான் எண்ணெயில் போட்ட பூரி. அடியில் கிடந்தேன், திடீரென்று உப்பி மேலே போனேன். ஹஸ்லினா என் காலைப் பிடித்து இழுத்து வைத்தார். மறுபடி உப்பினேன்.

ஆனால் நான் வந்த வேலையை மறக்கவில்லை. மாப்பிள்ளையின் குற்றங்களைத் தேடிக்கொண்டே இருந்தேன். பவளப் பாறையில் ஒரு கடற்குதிரை வால் சுற்றி நின்றது. போச்சு, மனிதர் இனி அதன் பின்னால்தான் என்று நினைத்தேன். அவர் குதிரையைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி குதிரை, மறுபடி நான். என்னை வேவு பார்க்கிறாரோ என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ராத்திரி வாசுகி தோசை வார்த்துக்கொண்டே, அவர் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, "எப்படி?" என்றாள்.

"இன்னைக்கு ஒழுங்கா இருந்தாரு. நாளைக்குப் பாப்போம்" என்றேன். புலனாய்வு அதிகாரியின் குரல் எனக்குத் தானாக வந்தது.

மூன்றாம் நாள் திசைகாட்டி முக்குளிப்பு. இன்று இந்தக் கூட்டத்துக்கே பாடம் எடுக்கப் போகிறோம் என்ற நினைப்பில் கோப்பியை இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். படகில் ஹஸ்லினா திட்டத்தை விளக்கினார். நங்கூரக் கயிற்றடியில் இறங்க வேண்டும். அங்கிருந்து முதல் பக்கம் மேற்கே. பிறகு வலது, வலது, வலது. நான் காம்பஸ் பிடித்து முன்னே போவேன், மாப்பிள்ளை என் பக்கத்திலேயே வருவார். ஹஸ்லினா எங்களைத் தொடர்வார்.

கயிறு பிடித்து இறங்கி மணலில் மண்டியிட்டோம். தாதியின் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஹஸ்லினா எங்களைப் பார்த்து உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினார். நில்லுங்கள் என்பதற்கு உலகத்திலேயே தெளிவான சைகை அது. பிறகு அவளிடம் திரும்பினார். எனக்குப் புரிந்தது. ஆனால் சும்மா மண்டியிட்டிருப்பானேன், முதல் பக்கத்தை நீந்திப் பார்த்து வைத்தால் அவருக்கும் வேலை மிச்சம்தானே என்று தோன்றியது. கட்டுமானத் தொழிலில் மேஸ்திரி வருவதற்குள் குழி வெட்டி வைக்கிற ஆள் நான்.

மாப்பிள்ளை தன் காம்பஸைச் சரி பார்க்கக் குனிந்திருந்தார். நான் கண்ணை மூடி, பிள்ளையாரப்பா என்றேன். இங்கேதான் நடந்தது. இருபது வருஷமாகப் பூமி பூஜை போட்டவன். கடைக்கால் என்றாலும் சரி, நிலைக்கதவு என்றாலும் சரி, நல்ல காரியத்தை எந்தத் திசை பார்த்துத் தொடங்குவோம்? கண்ணைத் திறந்தபோது என் உடம்பு தானாகவே கிழக்கே திரும்பியிருந்தது. காம்பஸைப் பார்த்தேன். கிழக்கு, துல்லியமாகக் கிழக்கு. மனதுக்கு ஒரு நிறைவு. காலை உதைத்துப் புறப்பட்டேன்.

அதுவரை நான் அவ்வளவு அழகாக நீந்தியதில்லை. பூரி அல்ல, அம்பு. முதல் மூலை வந்தது. திரும்பி மாப்பிள்ளைக்கு 'எப்படி?' என்று காட்டலாம் என்று பார்த்தேன்.

பச்சை. வெறும் பச்சை.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். 'போய்விட்டார் பார், ஏதோ ஆமை, ஏதோ குதிரை.' வாசுகியிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை அங்கேயே கோக்கத் தொடங்கினேன். 'வாசுகி, மனசைத் தேத்திக்க. அவரு திருந்தலை.' ஒரு நிமிடம் தேடி மேலே போ என்ற விதி நினைவுக்கு வந்தது. ஆனால் அது தொலைந்து போனவர்களுக்கு. நான் தொலையவில்லையே, தொலைந்தது அவர்தானே? சதுரத்தை முடித்துக் கயிற்றடிக்குப் போய் நின்றுகொண்டு அவர் அசடு வழிய வருவதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். வலது, வலது, வலது.

சதுரம் முடிந்த இடத்தில் ஒரு கயிறு இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷ அனுபவம்! கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. என் காற்றும் குறைந்துகொண்டே வந்தது. பெலான் பெலான் என்று மேலே ஏறித் தலையை நீட்டினால், இரண்டு சீன அங்கிள்கள் தூண்டிலுடன் ஒரு சின்னப் படகிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் சொன்னதன் சாரம்: "மீன் இல்ல, ஆள்தான் மாட்டியிருக்கு லா. சின்னதா இருந்தா திருப்பி விட்டுடு."

எங்கள் படகு எங்கோ தள்ளி, தீப்பெட்டி அளவில் நின்றது. நான் பிடித்து ஏறியது அங்கிள்களின் நங்கூரக் கயிறு, நான் போட்ட சதுரத்தை நீரோட்டம் மதிக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் காற்றில் விட்டு விட்டு வந்தது.

"மச்சான்! மச்சா...ன்!"

படகுக்குப் பக்கத்துத் தண்ணீரில் மாப்பிள்ளை. கையில் ஆரஞ்சு நிற அடையாளக் குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தார். கத்துவார், ஒரு பக்கம் திரும்புவார், மறுபடி கத்துவார். தொண்டை கிழிந்திருந்தது. நான் கையாட்டினேன். அங்கிள் ஒருவர் என் சார்பில் விசிலடித்தார். மாப்பிள்ளை பார்த்துவிட்டார். கத்தல் நின்றது. குழாய் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. எடுக்கவில்லை.

படகில் எனக்கு நடந்த அர்ச்சனையை மொழிபெயர்க்க வேண்டாம். ஹஸ்லினாவுக்கு மூச்சிரைத்தது. அப்போதுதான் முழுக்கதையும் தெரிந்தது. மாப்பிள்ளை தலை நிமிர்ந்தபோது நான் இல்லை. ஒரு நிமிடம் தேடிவிட்டு விதிப்படி மேலே வந்துவிட்டார். ஹஸ்லினா தாதியை மேலே அனுப்பிவிட்டு, திட்டப்படி நான் போயிருக்க வேண்டிய மேற்கில் தேடியிருக்கிறார். படகில் ஏறச் சொன்னதற்கு மாப்பிள்ளை, "அவர் வர்ற வரைக்கும் ஏற மாட்டேன்" என்று தண்ணீரிலேயே நின்றிருக்கிறார்.

"மேற்கு என்று சொன்னேன். ஏன் கிழக்கே போனாய்?" என்று ஹஸ்லினா கேட்டார்.

நல்ல காரியத்தைக் கிழக்கு பார்த்துத் தொடங்குவது எங்கள் வழக்கம் என்பதை, மூக்கில் உப்புத் தண்ணீர் வழிய, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? மாப்பிள்ளைதான் எனக்கு வக்கீலானார். ஏதோ சொன்னார். ஹஸ்லினா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேலே வரும்போது எந்தத் திசை நல்லது என்று உங்கள் ஊரில் வழக்கம் ஏதும் இல்லையா?" என்றார். தீர்ப்பும் அங்கேயே வந்தது. தாதி முகமூடியைச் சரிசெய்துகொண்டு மத்தியானம் இறங்கலாம், மாப்பிள்ளை அவளுடைய ஜோடி. நான் படகில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிடலாம். இரண்டு பேரும் தேறினார்கள்.

வாழைப்பழம் சாப்பிடும்போது ஒன்றைக் கவனித்தேன். இறங்குவதற்கு முன் மாப்பிள்ளையால் சிலிண்டர் வாரின் கொக்கியை மாட்ட முடியவில்லை. மூன்று தடவை தவறவிட்டார். தாதிதான் மாட்டிவிட்டாள்.

சாயங்காலம் டாக்சியில் ஏறியதும் அவர், "மச்சான், வாசுகிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றார்.

"நடந்ததை. நீங்க விதிப்படி நடந்தீங்க, நான்தான் முட்டாள்னு."

"சொல்லாதீங்க."

"ஏன்? உங்களுக்கு நல்லதுதானே?"

"டீச்சர் பக்கத்துல இருக்கும்போதே, கோர்ஸ்லயே, ஒரு ஆளு காணாம போயிடுவாருன்னு தெரிஞ்சா விடுவாளா? என் தப்பு இல்லேன்னு ஆயிடும். ஆனா கடல் மேல பயம் கூடிடும். ஒண்ணும் நடக்கலன்னு சொல்லுங்க. ப்ளீஸ் லா."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். உண்மையைச் சொன்னால் மனிதர் நல்லவர், கடல் கெட்டது. பொய் சொன்னால் இரண்டுமே நல்லவை, நான் உட்பட. கடைசி அம்சம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வாசுகி எங்களுக்காக லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெளியே நடைபாதை முழுக்க நம் ஊர்ப் பையன்கள் வீடியோ காலில் யார் யாருக்கோ சட்டை வாங்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மேசையில் மீன்தலைக் கறி வந்தது. அது வேறு என்னையே பார்த்தது.

பெரிய விசாரணை இருக்கும் என்று பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அண்ணே, அவரு உன் கண்ணை விட்டு மறைஞ்சாரா?"

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இல்லை என்று சொன்னால் போதும், சொல்லப்போனால் அது பொய்கூட இல்லை. ஆனால் தங்கை நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு மறையலை. நான் மறைஞ்சிட்டேன்" என்றேன். கிழக்கையும் பிள்ளையாரையும் அங்கிள்களையும், எதையும் விடாமல் சொன்னேன். வழக்கமாக நான் இப்படிக் கதை சொன்னால் வாசுகி விழுந்து விழுந்து சிரிப்பாள். அன்று என் பக்கமே திரும்பவில்லை. கணவரைப் பார்த்தாள்.

"நீங்க மேல வந்துட்டீங்களா?"

"வந்தேன்."

"அப்புறம்?"

"கத்தினேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல வாசு." சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "உங்கிட்ட வந்து என்ன சொல்றதுன்னு தெரியாம கத்திக்கிட்டே இருந்தேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. நீ அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்..."

ஆமை ஜோக் இல்லாமல் அந்த நாளைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை என்று வாசுகி பின்னால் சொன்னாள்.

அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

மாப்பிள்ளைக்கு நம்ப முடியவில்லை. "ஒவ்வொரு தடவை மேல வந்ததும் உனக்கு மெசேஜ் போட்டுடறேன்" என்றார் அவசரமாக.

"போடாதீங்க."

"ஏன்?"

"ஒரு தடவை மறந்தீங்கன்னா எனக்கு உயிரே போயிடும். ராத்திரி ஒரு போன் போதும். அது வர வேண்டிய நேரம் வரைக்கும் நான் நிம்மதியா இருப்பேன்."

அவர் தலையாட்டினார். அவள் மீன் கன்னத்துச் சதையைப் பிய்த்து அவர் இலையில் வைத்தாள். இன்னும் சோறு வேண்டுமா என்று அவரைக் கேட்டாள், அப்பளம் வேண்டுமா என்று அவரைக் கேட்டாள். விசாரணை முடிந்ததும் சாட்சிக்கு யாரும் ரசம் ஊற்ற மாட்டார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கை நீட்டி நானே ஊற்றிக்கொண்டேன்.